பரண்மேல் கிடந்த பாட்டு

பழனி அடிவாரத்தில் என் தையல் கடை இருக்கும் தெருவின் முனையில் ஒரு கிளை நூலகம் உண்டு. மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அங்கே பத்துப் பதினைந்து பேர் கூடுகிறோம். ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர் ஏதாவது ஒரு காலத்துப் புலவரை அறிமுகம் செய்து பேச வேண்டும். பெயர், ஊர், காலம், ஒரு பாட்டு; அவ்வளவுதான். கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். மீதிப் பேர் என்னைப் போலப் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டு, அப்போது படிக்காமல் விட்டதை இப்போது தேடி வருகிறவர்கள். நான் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, டீ வரும்போது எழுந்து வந்துவிடுவேன். இரண்டு வருடம் இப்படியே ஓடியது.

போன மாதம் கூட்டத்தின் பொறுப்பாளர், தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், வாசலிலேயே என்னை மறித்துவிட்டார்.

“சங்க காலத்துக்கு மூணு பேரு இருக்காங்க. பக்திக் காலத்துக்குக் கேக்கவே வேணாம், நம்ம ஊரு பழனியாச்சே. புதுக்கவிதைக்கு அடிதடி. சிற்றிலக்கியக் காலத்துக்குத்தான் ஆளே இல்லீங்க. அத நீங்க எடுத்துக்கோங்க” என்றார்.

தையல் ஊசி நகத்துக்குள் ஏறியது போல இருந்தது எனக்கு. ஏனென்றால் யாரும் எடுக்காத அதே காலத்தை ஏற்கெனவே ஒரு தடவை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அன்றைக்கு ஒரு மேடையில் ஏறி ஒரு புலவரை அறிமுகம் செய்தேன். அதற்குப் பிறகு இன்றுவரை மேடை ஏறவில்லை. எனக்குப் பேச வராது, எழுதித் தருகிறேன், யாராவது வாசியுங்கள் என்று பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டேன். அப்படி எழுதியதுதான் இது.

எங்கள் ஊர் கூக்கால். கொடைக்கானலுக்கும் மேற்கே, பஸ் போய்த் திரும்புகிற இடம். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். ஊர் முழுக்கப் பூண்டும் உருளைக்கிழங்கும்தான். எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா, அவர் மனைவி சித்தி. சித்தி கீழே அடிவாரத்தில் பாலசமுத்திரத்தில் பிறந்தவள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், தமிழில் பள்ளிக்கே முதல். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாள், போர்வைக்குள் இருந்து முகத்தை மட்டும் நீட்டி, “இங்க வெயிலே அடிக்காதாங்க்கா?” என்று அம்மாவைக் கேட்டாளாம். அம்மா அதை ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எங்கள் பக்கம் பெண் பிள்ளைகளைத் தாயி என்றோ ஏ புள்ள என்றோதான் கூப்பிடுவார்கள். சித்தி மட்டும் அவள் ஊர் வழக்கப்படி என்னைக் கண்ணு என்பாள். அந்த ஒரு சொல்லுக்காகவே அவள் பின்னால் சுற்றுவேன்.

சித்தி கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியும் ஒரு தடவைகூடத் தாய் வீட்டுக்குப் போகவில்லை. காரணம் பாயசம்.

கல்யாணம் பாலசமுத்திரத்தில் நடந்தது. மாப்பிள்ளை வேன் முன்னால் போய்விட்டது. அப்பாவும் சொந்தக்காரர்களும் ஏறிய இரண்டாவது வேன், மலைப்பாதையில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டதால், தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அதற்குள் முதல் பந்தி முடிந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு அண்ணனான என் அப்பாவை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தார்கள். அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பார். அவர் இலைக்கு வரும்போது பாயசம் தீர்ந்துவிட்டது. அப்பா இலையை மூடிவிட்டு எழுந்து, “அவுங்க மலையேறி வந்து முறையாக் கூப்புடட்டும். அதுவரைக்கும் நம்ம வீட்டு ஆளு ஒருத்தரும் இந்த ஊரு மண்ண மிதிக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டார். நம்ம வீட்டு ஆள் என்பதில் அன்று காலை தாலி ஏறிய சித்தியும் சேர்த்தி என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. சித்தியின் அப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. “பொண்ணக் குடுத்தவன் எதுக்கு மலையேறணும்?” என்று கேட்டு அனுப்பினார். மூன்று வருடம், ஒரு கரண்டிப் பாயசத்தின் இரண்டு பக்கமும் இரண்டு பெரிய மனிதர்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

சித்தியின் அம்மா மட்டும் எப்போதாவது பஸ்ஸில் தெரிந்தவர்களிடம் ஒரு பை நிறைய முருங்கைக்காய் கொடுத்து அனுப்புவாள். எங்கள் குளிருக்கு முருங்கை வராது. அந்தக் குழம்பை அப்பா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிடுவார். அதற்குச் சபதத்தில் தடை எதுவும் இல்லை.

சித்தி அப்பாவிடம் நேரே கேட்டிருக்கலாமே என்று இப்போது படிக்கிறவர்கள் நினைக்கலாம். மூத்தார் இருக்கும் இடத்தில் தம்பி மனைவி நின்று பேசுவது எங்கள் வீட்டில் வழக்கம் இல்லை. அவர் கூடத்துக்கு வந்தால் சித்தி எழுந்து உள்ளே போய்விட வேண்டும். அப்பாவுக்குச் சொல்ல வேண்டியதைச் சித்தப்பாவிடம் சொல்லி, சித்தப்பா அம்மாவிடம் சொல்லி, அம்மா நல்ல நேரம் பார்த்து அப்பாவிடம் சொல்ல வேண்டும். சித்தப்பா நல்லவர், எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். இந்த வழியில் கிளம்பிய சேதி பாதியில் எங்காவது படுத்துத் தூங்கிவிடும்.

நான் ஐந்தாம் வகுப்புக்கு வந்த வருடம் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்திருந்தார். ஊரிலேயே அறை எடுத்துத் தங்கியிருந்தார். குழாயடியில் சித்தியோடு பேசுவார், படித்து முடித்த பேப்பரைக் கொடுப்பார். ஆண்டு விழாவில் எல்லா வருடமும் பாட்டும் டான்ஸும்தானே, இந்தத் தடவை புலவர்களை ஊருக்கு அறிமுகம் செய்வோம் என்று சொன்னது அவர்தான். காலங்களின் பெயரைச் சீட்டில் எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கினார். எனக்கு வந்த சீட்டில் சிற்றிலக்கியக் காலம் என்று இருந்தது. பக்கத்து பெஞ்சுப் பையன் எட்டிப் பார்த்துவிட்டு, “எனக்குச் சங்க காலமாக்கும், ரெண்டாயிரம் வருசம்! ஒனக்குப் பாரு, பேர்லயே சின்னதுன்னு போட்டுருக்கு” என்றான். நான் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

சித்தி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டைப் பல் பல்லாக உடைத்துக்கொண்டிருந்தாள்.

“சின்னதுன்னா மட்டமா கண்ணு? பூண்டுல எந்தப் பல்லு காரம்? சின்னப் பல்லுதானே?” என்று ஒரு பல்லை என் வாயில் வைக்க வந்தாள். அழுகை நின்று ஓடினேன்.

பிறகு உட்கார வைத்துச் சொன்னாள். அந்தக் காலத்தில் தூது என்று ஒரு வகைப் பாட்டு இருந்தது. வாயைத் திறந்து சொல்ல முடியாதவர்கள் கிளியையோ அன்னத்தையோ மேகத்தையோ கூப்பிட்டு, நீ போய்ச் சொல் என்று அனுப்புவார்கள்.

“கிளி போயிச் சொல்லுமா சித்தி?”

“சொல்லாது. ஆனா பாட்டக் கேக்குறவங்களுக்குத் தெரிஞ்சுருமுல்ல.”

ஒரு புலவரின் பெயரையும் அவருடைய நான்கு வரியையும் வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாள். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. வரிகள் கடகடவென்று கல் உருளுவது போல இருந்தன. நான் முகம் சுளிப்பதைப் பார்த்து, “எழுதுனவங்க பேரே தெரியாத பாட்டும் நெறைய இருக்கு. அந்தக் காலத்துல ஏட்டையெல்லாம் இந்த மாதிரி அடுப்புப் பரண்லதான் போட்டு வைப்பாங்க. பொகைக்குப் பூச்சி அண்டாது. எத்தனையோ பாட்டு பரண்லருந்துதான் எறங்கி வந்துருக்கு” என்றாள். சொல்லிவிட்டு மேலே பார்த்தாள். நானும் பார்த்தேன்.

எங்கள் அடுப்புக்கு மேலே மூங்கில் பரப்பிய பரண் ஒன்று இருந்தது. அறுத்த பூண்டைத் தண்டோடு சேர்த்துக் கட்டுக் கட்டாக அதில் தொங்கவிடுவார்கள். மாதக்கணக்கில் புகை ஏறி ஏறிப் பூண்டு பழுப்பாகும். பரணில் எது கிடந்தாலும் அதே நிறம்தான், அதே வாடைதான்.

இரண்டு நாள் கழித்து, எல்லோரும் பூண்டுக் காட்டுக்குப் போயிருந்த நேரத்தில், சித்தி என்னைக் கூப்பிட்டாள். “கொழம்புக்குப் பூண்டு வேணும் கண்ணு. ஏணி போட்டு ஏறி, மேக்கால மூலைக் கட்டுலருந்து நாலு எடுத்தா.”

மேற்கு மூலையில் சிவப்புத் துணி கட்டித் தொங்கியது விதைப் பூண்டு. அடுத்த நடவுக்கு வைத்திருப்பது. அதில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

“அது விதக் கட்டு சித்தி. அப்பா வைவாரு.”

“நாலு பூண்டுதானே. நான் சொல்லிக்கிறேன், நீ ஏறு.”

அடிவாரத்து ஆளுக்கு என்ன தெரியும் என்று பெரிய மனுஷி போல நினைத்துக்கொண்டு ஏறினேன். கட்டைத் தூக்கியபோது அதற்குப் பின்னால் நாலாக மடித்த தாள் ஒன்று இருந்தது. தேயிலைத் தண்ணீரில் முக்கியது போன்ற நிறம். ஓரமெல்லாம் சுருண்டு, தொட்டால் நொறுங்குவது போல. பிரித்தேன். பாட்டு. பத்து வரி. பெயர் இல்லை.

மஞ்சைத் தூது அனுப்புகிற பாட்டு அது. எங்கள் மலையில் சாயங்காலம் வெள்ளையாக வந்து மூடுமே, அந்த மஞ்சு. தூது என்றால் என் காலத்துப் பாட்டு. பரணில் கிடக்கிறது, பழுத்திருக்கிறது, எழுதியவர் பெயர் இல்லை. சித்தி சொன்ன அத்தனையும் பொருந்திவிட்டது. பழைய பாட்டென்றால் புரியாது என்று டீச்சர் சொல்லியிருந்தார். இது ஒரே வாசிப்பில் புரிந்தது. இவர் கொஞ்சம் எளிமையான புலவர் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். தாளைப் பாவாடையில் செருகிக்கொண்டு இறங்கினேன். சித்தியிடம் சொல்லவில்லை. உலகத்துக்குத் தெரியாத புலவரைக் கண்டுபிடித்தவள் நான், அதில் யாருக்கும் பங்கு கொடுக்க எனக்கு மனம் இல்லை. நான்கு பூண்டைக் கையில் வாங்கிய சித்தி என் முகத்தை ஒரு நொடி பார்த்தாள்.

ஆண்டு விழா ஒரு மதியம் நடந்தது. பள்ளிக்கூடத்து மைதானத்தில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். ஆண்களுக்கு பெஞ்சு, பெண்களுக்கு ஜமுக்காளம். கொடைக்கானலில் இருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். ஸ்வெட்டருக்கு மேல் மப்ளர் சுற்றிக்கொண்டு, சாயங்கால பஸ் எத்தனை மணிக்கு என்று நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா முதல் பெஞ்சில். அம்மா பெண்கள் பக்கம் முன் வரிசையில். சித்தி கடைசி வரிசையில், தார்ப்பாய்க் கம்பத்துக்குப் பக்கத்தில்.

சங்க காலப் பையனுக்குப் பஞ்சுத் தாடி பாதியில் கழன்றுவிட்டது. அதைக் கையால் பிடித்துக்கொண்டே அறிமுகத்தை முடித்தான். பக்திக் காலப் பெண் நெற்றி நிறையப் பூசிய திருநீறு மூக்கில் இறங்கி, பாட்டுக்கு நடுவில் ஏழு தடவை தும்மினாள். கூட்டம் நல்ல குஷியில் இருந்தபோது நான் மேடை ஏறினேன். “பேர் தெரியாத புலவர், முந்நூறு வருசத்துக்கு முன்னாடி எழுதுனது” என்று சொல்லிவிட்டுத் தாளைப் பார்க்காமலே பாட்டைச் சொன்னேன்.

சாயங்காலம் கீழே இறங்கும் மஞ்சே,
உன்னைப் போகாதே என்பவர் யார்?
வாய்க்கால் கரையில் ஓட்டு வீடு,
வாசலில் ஒற்றை முருங்கை.
அங்கே ஒருத்தி அடுப்பு ஊதுவாள்,
கண் கலங்கினால் புகை என்பாள்.
நீ ஒன்றும் சொல்ல வேண்டாம்,
அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டு வா.
சில்லென்றதும் தெரிந்துகொள்வாள்,
நான் இருக்கும் இடத்துக் குளிர் என்று.

முருங்கை வந்த இடத்திலேயே பெண்கள் பக்கம் சத்தம் அடங்கிவிட்டது. முடித்தபோது யாரும் கை தட்டவில்லை. அதிகாரி மட்டும் கையை நீட்டித் தாளை வாங்கினார். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். பழுப்புக்குள் இருந்து மெல்லிய கோடுகள் வரிசையாகத் தெரிந்தன.

“முந்நூறு வருசத்துக்கு முன்னாடியே கோடு போட்ட நோட்டு வந்துருச்சா பாப்பா?” என்றார். “பால்பாயின்ட் பேனாவும் வந்துருக்கு போல.”

மைதானமே சிரித்தது. தாடிக்காரப் பையன், “ஏலே, பூண்டுப் புலவருடா!” என்று கத்தினான். அதிகாரி கையை உயர்த்தி அமர்த்தினார்.

“சிரிக்காதீங்க. பாட்டு ரொம்ப நல்லாருக்கு. யாரோ நம்ம காலத்து ஆளு எழுதிருக்காங்க. யாருன்னு சொல்லு பாப்பா, அவங்களையே மேடைக்குக் கூப்புடுவோம்.”

டீச்சர் என் பக்கத்தில் வந்து குனிந்தார். தாளைக் காட்டி, காதோடு, “பயப்படாத. இந்தக் கையெழுத்து ஒனக்குத் தெரியும்ல? சொல்லு” என்றார்.

அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். ழகரத்தின் வாலை நீளமாக இழுத்து, நுனியில் ஒரு சுழி. என் நோட்டு அட்டைகளில் எல்லாம் என் பெயரை எழுதிக் கொடுத்த அதே கை. நிமிர்ந்தேன். கடைசி வரிசையில் சித்தி எழுந்துகொண்டிருந்தாள். ஒரு கை கம்பத்தைப் பிடித்திருந்தது. மற்றக் கையால் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். அவ்வளவு கூட்டத்தில் அவள் ஒருத்திதான் நின்றாள். என் கண்ணையே பார்த்தாள்.

நான் திருடிவிட்டேன் என்பது அந்த நொடியில்தான் உறைத்தது. அவள் பரணில் வைத்திருந்த தாளைக் கேட்காமல் எடுத்து, ஊர் முன்னால் காட்டி, சிரிக்கவும் வைத்துவிட்டேன். முந்தானையைச் செருகுகிறாள் என்றால் அடிக்கத்தான் வருகிறாள். அவள் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொள்ள வேண்டும்.

“நான்தான் சார் எழுதுனேன்” என்றேன்.

அதிகாரி முதலில் கை தட்டினார். பிறகு அப்பா. பிறகு எல்லோரும். அப்பா பெஞ்சில் இருந்து எழுந்து பின்பக்கம் திரும்பி, “எம் மகதான்! எம் மகதான்!” என்று எல்லோருக்கும் தெரிந்ததையே சொல்லிக்கொண்டிருந்தார். சித்தி கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு கம்பத்தைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு அவளும் கை தட்டினாள்.

எனக்கு ஒரு மைப்பேனா பரிசு கிடைத்தது. தாளை நகரத்தில் நாலு பேருக்குக் காட்ட வேண்டும் என்று அதிகாரி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

இன்று யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. தன் தாய் முன் வரிசையில் முழுசாக உட்கார்ந்திருக்க, கீழே வாய்க்கால் கரையில் அடுப்பு ஊதும் ஒருத்தியை நினைத்துப் பத்து வயதுப் பெண் எதற்காக ஏங்க வேண்டும் என்று அங்கே ஒருவர்கூடக் கேட்கவில்லை. எங்கள் ஊரில் முருங்கையே கிடையாது என்பதும் யாருக்கும் நினைவு வரவில்லை. எல்லோரும் புரியாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும். பதில் வந்திருந்தால் யாராவது ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். குழந்தை எழுதியது என்றால் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். நான் எல்லோருக்கும் சௌகரியமான பதிலைத்தான் சொல்லியிருந்தேன்.

அன்று இரவுச் சோற்றுக்கு முன்னால் அம்மா அடுப்படியில் குரலைத் தாழ்த்தி, “எந்த ஆத்தாள நெனச்சுடி எழுதுன?” என்றாள். அம்மா என்னையே பார்த்துவிட்டு, “சரி, போ. போயி சோலியப் பாரு” என்று விறகை உள்ளே தள்ளினாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதற்கு முன்னால், விழா முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் சித்தி என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அந்தத் தாளு எங்க கண்ணு?”

“சார் கொண்டு போயிட்டாரு சித்தி.”

“போகட்டும்” என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. கோபம் இல்லை, தப்பித்தேன் என்று துள்ளிக்கொண்டு முன்னால் ஓடினேன்.

அந்த வருட மழையில் சித்தியின் அம்மா இறந்துபோனாள். வெள்ளனே வரும் பஸ்ஸின் டிரைவர்தான் சேதி கொண்டுவந்தார். சித்தப்பா என்ன செய்வதென்று தெரியாமல் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். “ஏன்டா மரம் மாதிரி நிக்கிற? கெளம்புங்க, வெரசா!” என்று அப்பா கத்தினார். தன் கம்பளியை எடுத்துச் சித்தப்பாவின் தோளில் போட்டார். மூன்று வருடச் சபதம் மூன்று நொடியில் போய்விட்டது. அது போன வேகத்தைப் பார்த்தால், அவ்வளவு கனமாக அது எப்போதுமே இருந்திருக்காது என்று தோன்றுகிறது. யாராவது லேசாகத் தொட்டிருந்தாலே சரிந்திருக்கும். ஊர் கூடிய இடத்தில் ஒரு பத்து வயதுப் பிள்ளை, இது எங்கள் சித்தி எழுதியது என்று நான்கு சொல் சொல்லியிருந்தாலே போதும்.

வழியில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

டீச்சர் என்னை விடவில்லை. இன்னொரு பாட்டு எழுதிக் கொண்டு வா, இன்னொன்று எழுதிக் கொண்டு வா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பையன்கள் பூண்டுப் புலவர் என்றார்கள். நான் பேச்சைக் குறைத்தேன். யாராவது எதையாவது கேட்டுவிடுவார்களோ என்று தலையைக் குனிந்தே பழகிவிட்டேன். பேனாவில் ஒரு நாளும் மை ஊற்றவில்லை. சித்தியும் அதற்குப் பிறகு எழுதி நான் பார்த்ததில்லை. அவளுக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள், பூண்டு நட்டாள், அறுத்தாள், பரணில் ஏற்றினாள். அவளும் நானும் அந்த நாளைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

கல்யாணமாகிப் பழனிக்கு வந்து, எனக்கும் பிள்ளைகள் வளர்ந்த பிறகு ஒரு நாள், உளுந்து நனைத்துக்கொண்டிருக்கும்போது சம்பந்தமே இல்லாமல் அந்தச் சிவப்புத் துணி நினைவுக்கு வந்தது. விதைப் பூண்டைக் குழம்புக்கு எடுப்பது எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் நடக்காத காரியம். மூன்று வருடம் அந்த அடுப்படியில் வேலை செய்தவளுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? பக்கத்திலேயே சாப்பாட்டுக் கட்டுகள் பத்துத் தொங்கின. யாரும் தொடாத கட்டுக்குப் பின்னால் தாளை வைத்து, அந்தக் கட்டுக்கே என்னை ஏற்றிவிட்டிருக்கிறாள். அதற்கு இரண்டு நாள் முன்னால் தூதைப் பற்றியும் பரணைப் பற்றியும் சொல்லி வைத்திருக்கிறாள். யாராவது கேட்டால், யார் எழுதியதோ தெரியாது, பரணில் கிடந்த பாட்டு என்று சொல்லிக்கொள்ளலாம். கிளி போய்ச் சொல்லாது என்று தெரிந்துதான் அவள் என்னை அனுப்பியிருக்கிறாள். கேட்கிற ஊருக்கு, கேட்கிற அப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்று நம்பியிருக்கிறாள்.

போன வாரம் கூக்காலுக்குப் போன் செய்தேன். சித்திக்கு அறுபது தாண்டிவிட்டது. நலம் விசாரித்துவிட்டு, நூலகத்துக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லி, “ஆண்டு விழால நான் சொன்னனே சித்தி, அந்தப் பாட்டு… அத அங்க வாசிக்கலாமான்னு…” என்று இழுத்தேன்.

“மஞ்சுப் பாட்டா?”

“ஆமா சித்தி.”

“அது நீ எழுதுனதுதான கண்ணு. என்னைய எதுக்குக் கேக்குற? வாசி” என்றாள்.

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தேவலை. அன்று மேடையில் சொல்லாமல் விட்ட அந்த நான்கு சொல்லைச் சொல்ல வாயைத் திறந்தேன். அந்தப் பக்கம் முறத்தில் பூண்டு விழும் சத்தம் கேட்டது. “அடுப்புல பாலு வச்சிருக்கேன். அப்பறம் பேசு” என்று வைத்துவிட்டாள்.

ஆகவே பொறுப்பாளர் கேட்ட விவரங்களை என்னால் முடிந்தவரை கொடுத்துவிடுகிறேன். புலவர் பெயர், அவரிடம் அனுமதி வாங்காததால் எழுதவில்லை. ஊர் பாலசமுத்திரம், வாக்கப்பட்டது கூக்கால். காலம், நம் காலம். பாட்டு மேலே இருக்கிறது. அந்தத் தாள் போனது போனதுதான், இப்போது அது என் தலையில் மட்டும்தான் இருக்கிறது. அதை நான் எழுதவில்லை.

இன்னும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் புலவர் ஒரு தடவை, மூத்தார் உட்கார்ந்திருந்த ஊர்க்கூட்டத்தில், யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாமலே எழுந்து நின்றார். அன்றைக்கு நான், என்னை அடிக்கத்தான் எழுந்தாள் என்று நினைத்தேன்.